நெய் பூசிய வேல்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் தைப்பூசம் முடிந்த வாரத்தில் கைக்கு வந்தது. முட்டிவலி குறைந்து நடக்க ஆரம்பித்திருக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. பெர்த்தில் வெயில் கொளுத்துகிறது என்கிறாய். இங்கே மழை விட்டு இப்போதுதான் துணி ஒழுங்காகக் காய்கிறது. பேரனைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பியிருப்பது பெரிய காரியம். அவன் அழுதாலும் நிறுத்திவிடாதே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "போரே இல்லாத காலத்தில் இருக்கிற ஒரே பிள்ளையை எதற்காக இரண்டு வருஷம் காட்டில் விட்டு வைத்திருக்கிறீர்கள்?" என்று எழுதியிருந்தாய். சட்டம் என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். 1967-லிருந்து சிங்கப்பூரில் ஆண்பிள்ளைகளுக்கு ராணுவச் சேவை கட்டாயம், உன் தம்பியும் போனவன்தானே. ஆனால் நீ சாதாரணமாகப் போட்ட "போரே இல்லாத காலம்" என்ற வார்த்தை என்னை விடவில்லை. சமைக்கும்போதும் அதுதான், பஸ்ஸிலும் அதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

அப்பா உயிரோடு இருந்தவரை காலத்தை மூன்றாகத்தான் பிரிப்பார், நினைவிருக்கிறதா? சண்டைக்கு முந்தி, ஜப்பான்காரன் காலம், சண்டைக்கு அப்புறம். யாருக்குக் கல்யாணம் ஆனது, எந்தக் கடை எங்கே இருந்தது எல்லாமே இந்த மூன்றில் ஒன்றில் போய் விழும். சமாதானம், அமைதி என்ற சொற்களை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நம் வீடுகளில் சமாதானம் என்றால் இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் வந்து, பெரியவர்கள் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி முடிப்பது. நாடு நிம்மதியாக இருக்கும் காலத்துக்கு அந்தச் சொல் பேச்சில் வருவதே இல்லை. "இப்ப சண்டை கிண்டை ஒண்ணும் இல்லையே" என்போம், அவ்வளவுதான். செய்தி வாசிக்கும்போது மட்டும் அமைதிக் காலம் என்று சொல்வார்கள்.

சண்டை எப்போதுப்பா முடிந்தது என்று ஒருமுறை கேட்டேன். 1945 செப்டம்பர் 12-ல் முனிசிபல் கட்டடத்தில் ஜப்பானியத் தளபதி கையெழுத்துப் போட்டதைத்தான் பாடப் புத்தகம் சொல்கிறது. அப்பா, "அரிசி வந்தப்புறம்" என்றார். ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு ஒரே நாளில் வெற்றுக் காகிதமாகிவிட்டது. வெள்ளைக்காரன் திரும்பி வந்தும் அரிசிக்குப் பங்கீடுதான், வெளியில் வாங்கினால் கொள்ளை விலை. அப்போது ஊரை நடத்திய பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் பி.எம்.ஏ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை வைத்து ஜனங்கள் 'பிளாக் மார்க்கெட் அட்மினிஸ்ட்ரேஷன்' என்றே கூப்பிட்டார்களாம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று நாக்கு செத்துப்போன எட்டு வயதுப் பையனுக்கு, தட்டில் வெள்ளைச் சோறு விழுகிற நாள்தான் போர் முடிகிற நாள். எனக்கு அந்தக் கணக்கு சரியென்றே படுகிறது.

அதற்கப்புறமாவது நிம்மதியா என்றால் அதுவும் சட்டென்று சொல்லிவிட முடியாது. 1948 ஜூனில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை அடக்க எமர்ஜென்ஸி வந்தது. மலாயாவில் அது முடிய 1960 ஜூலை ஆயிற்று. பன்னிரண்டு வருடம் காட்டுக்குள் துப்பாக்கிச் சூடு, தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு. ஆனாலும் அரசாங்கத் தாளில் எங்கேயும் அது போர் இல்லை, அவசரகாலம். போர் என்று அறிவித்துவிட்டால் ரப்பர் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் லண்டன் காப்புறுதிக் கம்பெனிகள் நஷ்டஈடு தராது, அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். காலமெல்லாம் காப்புறுதி அலுவலகத்தில் உட்கார்ந்த எனக்கு இதை நம்புவதில் சிரமமே இல்லை. பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு விலக்கு வரும்: போர், படையெடுப்பு, அந்நிய எதிரியின் செயல், பகை நடவடிக்கை, கிளர்ச்சி, புரட்சி. நடுவில் அடைப்புக்குள் "போர் அறிவிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்று இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அடைப்புக்குறியை நான் கவனித்ததே இல்லை. இப்போது நினைத்தால் அதை எழுதியவர் உலகத்தை நன்றாகப் பார்த்தவர் என்று தோன்றுகிறது. போர் எப்போது தொடங்கியது, எப்போது ஓய்ந்தது என்று அரசாங்கங்கள் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட அவர் தயாராக இல்லை.

அப்புறம் மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய மோதல், 'கொன்ஃபிரண்டாசி'. 1965 மார்ச் 10-ல் ஆர்ச்சர்ட் ரோட்டு மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்து மூன்று பேர் செத்தார்கள். அன்றைக்கும் யாரும் போர் அறிவிக்கவில்லை. ஆபீசுக்கு வேலைக்கு வந்த ஜனங்கள் அவர்கள். நீ விடாமல் பார்க்கிறாயே கொரிய நாடகம், அதில் கதாநாயகன் எல்லாம் பாதியில் ராணுவத்துக்குப் போய்விடுகிறான் என்று அலுத்துக்கொள்வாய். அந்த நாட்டில் 1953 ஜூலையில் துப்பாக்கியை நிறுத்த ஒப்பந்தம் போட்டார்கள், சமாதான உடன்படிக்கை இன்றுவரை போடவில்லை. மூன்று தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்து கல்யாணம் பண்ணிக்கொண்டுவிட்டது. அது போர்க்காலமா, போர் இல்லாத காலமா, நீயே சொல்.

நம்மையே எடுத்துக்கொள்ளேன். செம்பவாங்கில் நம் இரண்டு வீட்டிலும் உலை கொதித்தது நேவல் பேஸ் சம்பளத்தில். சண்டை இல்லாத காலத்தில் வெள்ளைக்காரன் சண்டைக்காகக் கட்டிக் காத்த துறைமுகம் அது. கப்பலுக்குச் சாயம் அடித்தவர்கள், கயிறு இழுத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள் என்று எத்தனை தமிழ், மலையாளக் குடும்பங்கள் அதை நம்பி இருந்தன! 1968-ல் லண்டனில் இருந்து படையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று அறிவித்ததும் அம்மா ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம். நாம் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஆனால் அம்மா அதைச் சொல்லும்போது நேற்று நடந்தது போலச் சொல்வாள். சாமான் கட்டிக்கொண்டு கேரளத்துக்கும் தஞ்சாவூருக்கும் திரும்பிப் போனவர்கள் உண்டு. அப்பாவுக்கு அதிர்ஷ்டம், அந்தத் தளத்தையே வணிகக் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையாக மாற்றினார்கள். நேற்று போர்க்கப்பலை ஏற்றிய உலர்துறையில் இன்றைக்கு எண்ணெய்க் கப்பல். அப்பா அதே கேட்டுக்குள் அதே சாப்பாட்டு அடுக்கோடு போய்வந்தார். நம் படிப்புக்கு வந்த காசு அது. போர் இல்லாத காலம் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பட்டறைச் சங்குதான். அது ஊதினால் வேலைக்குப் போக வேண்டும், வேறு எதற்கும் பயப்பட வேண்டாம்.

இப்போது என் பிள்ளை கதிர் விஷயம். ராணுவப் பயிற்சி முகாம் இருக்கும் தேக்கோங் தீவுக்கு அவனைக் கொண்டுபோய் விட்ட அன்று பெற்றோர்களையும் படகில் கூட்டிக்கொண்டு போனார்கள். படுக்கும் அறை, குளிக்கும் இடம் எல்லாம் காட்டினார்கள். பிள்ளைகள் கைதூக்கி உறுதிமொழி எடுத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டோம். பக்கத்தில் ஒரு மலாய்க்கார அம்மா, எதிரில் ஒரு சீனத் தம்பதி, யார் தட்டிலும் சோறு குறையவே இல்லை. பிறகு பிள்ளைகளை ஒரு பக்கமும் எங்களை ஒரு பக்கமும் பிரித்துவிட்டார்கள். திரும்பும் படகில் யாரும் பேசவில்லை.

இப்போது வேறு முகாம். சனிக்கிழமை வருவான். வந்ததும் குளித்துவிட்டுத்தான் சோபாவில் உட்கார வேண்டும் என்பது என் சட்டம். குளித்துவிட்டு வந்தாலும் காதுக்குப் பின்னால் முகத்தில் பூசும் பச்சைச் சாயம் ஒரு கோடு ஒட்டியிருக்கும், நான் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். சீருடையை வாஷிங் மெஷினில் போடுமுன் பைகளைக் கவிழ்த்தால் மண், ஒரு துண்டு பிளாஸ்டர், மிட்டாய்க் காகிதம். பத்தொன்பது வயது. சுத்தம் செய்த துப்பாக்கியை அதிகாரி வெள்ளைத் துணி விட்டுப் பார்த்து, கறுப்புத் தெரிந்தால் திரும்பத் துடைக்கச் சொல்வாராம். ஒரு நாள் ராத்திரி அதிலேயே போய்விட்டது என்று புலம்பினான். சுடாத நாளிலும் துடைக்க வேண்டுமா என்று கேட்டேன். "சுடாத நாள்தான்மா அதிகம்" என்றான்.

அவன் அதைச் சொன்னதும் எனக்கு ஔவையார்தான் நினைவுக்கு வந்தார். புறநானூற்றில் தொண்ணூற்றைந்தாவது பாட்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைக் காட்டிப் பெருமைப்படுகிறான். ஔவை என்ன சொல்கிறார்? உன் ஆயுதங்கள் மயிற்பீலி கட்டி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் குடிசையில் கிடக்கின்றன. புகழ்வது போலக் காட்டி, நீ போரே பார்க்காதவன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வகுப்பில் இதைப் படித்தபோது நீயும் நானும் கைதட்டாத குறை. என்ன சாமர்த்தியம் என்று வியந்தோம்.

இப்போது என் மனசு தொண்டைமான் பக்கம் போய்விட்டது, மல்லிகா. நெய் பூசிய வேல் நெய் பூசியபடியே இருக்கட்டும். அவன் வேலை ஏந்தியிருந்த பையன்கள் எல்லாரும் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். கொல்லன் குடிசையில் முறிந்து கிடந்த ஒவ்வொரு வேலுக்கும் பின்னால் ஒரு வீடு இருந்திருக்கும், அந்த வீட்டைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு வரியும் இல்லை. ஔவையைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, அவர் தூதுக்குப் போனதே சண்டையைத் தடுக்கத்தான் என்று சொல்வார்கள். ஆனாலும் நம் புலவர்கள் மாடு கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, படையெடுத்தால் வஞ்சி, கோட்டையை வளைத்தால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி, நேருக்கு நேர் மோதினால் தும்பை, ஜெயித்தால் வாகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ வைத்தார்கள். எவனும் எவன் மாட்டையும் தொடாமல் ஊர் பாட்டுக்கு உழுது விதைத்து அறுத்த வருடங்களுக்குச் சூடிக்கொள்ள ஒரு பூ வைக்கவில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. அந்த வருடங்கள்தானே அதிகம் இருந்திருக்கும்?

பயிற்சி என்றால் ஆபத்தில்லை என்று நான் நினைப்பதாக எண்ணாதே. இந்த ஊரில் சண்டையே இல்லாமல் பயிற்சியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. 2019 ஜனவரியில் நியூசிலாந்துப் பயிற்சியில் ஒரு இளைஞர் இறந்ததும் ராணுவமே பயிற்சிகளின் வேகத்தைக் குறைத்தது, உனக்குச் செய்தி வந்திருக்கும். அந்தத் தாய்மாரிடம் போய் 'இது அமைதிக் காலம்' என்று யாரால் சொல்ல முடியும்? நான் ஒவ்வொரு ஞாயிறும் அவன் பை தூக்கிப் படியிறங்கும்போது பாலசுப்பிரமணியரைத்தான் கும்பிடுகிறேன். ஆனால் போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் அப்பா. 1941 டிசம்பர் 8 விடியற்காலை முதல் குண்டு விழுந்தபோது ஊரில் தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் விழாது என்று பெரிய இடங்களில் சொன்னார்கள், ஜனங்கள் நம்பினார்கள். ஜனவரிக் கடைசியில் பிரிட்டிஷ் படை ஜோகூரில் இருந்து பின்வாங்கி இந்தப் பக்கம் வந்ததும் பாலத்தை உடைத்தது, அதோடு ஜோகூரில் இருந்து வந்த தண்ணீர்க் குழாயும் போயிற்று. பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நாள், ஜப்பான்காரனிடம் சரணடைந்து எல்லாம் முடிந்தது. காவல் காக்க வந்தவன் ஊர்க்காரன் இல்லை, தோற்றதும் ஊர்க்காரன் அனுபவித்தான் என்று அப்பா ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்.

அதனால்தான் பிப்ரவரி 15 மாலை 6:20-க்கு இங்கே இப்போதும் அபாயச் சங்கு ஒலிக்கிறது. போன வாரம் ஒலித்தபோது தேக்காவில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். முருங்கைக்காயை எடை போட்டுக்கொண்டிருந்த கடைக்காரத் தம்பி தமிழ்நாட்டில் இருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் போல, பயந்து தராசை விட்டுவிட்டான். பக்கத்துக் கடை அக்கா, "ஒண்ணுமில்ல தம்பி, முழுமைத் தற்காப்பு தினம், சும்மா ஞாபகப்படுத்துறாங்க" என்றார். அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அந்த அக்கா சொன்ன விதம் பிடித்தது. 1984-ல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது ராணுவம், குடிமை, பொருளாதாரம், சமூகம், மனோபலம் என்று ஐந்து தூண் சொன்னார்கள், 2019-ல் டிஜிட்டல் என்கிற மின்னிலக்கத்தையும் சேர்த்து ஆறாக்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் இதை மனப்பாடம் பண்ணுவார்கள். எனக்கோ அது எல்லாமே அப்பா சொன்ன அரிசியும் தண்ணீரும்தான்.

நம் வீட்டு பாம் ஷெல்டரை நீ போன தடவை பார்த்தாயே. புது வீடுகளில் எல்லாம் சட்டப்படி ஒன்று கட்டிவிடுகிறார்கள். அந்த இரும்புக் கதவைத் திறக்கத் தோளைக் கொடுக்க வேண்டும். கதவைக் கழற்றவோ மாற்றவோ கூடாது. உள்ளே என்ன வைத்திருக்கிறேன் என்று சிரித்தாய்: அரிசி மூட்டை, பொங்கல் பானை, அம்மாவின் குத்துவிளக்கு, தோசைக்கல், கதிரின் பழைய பள்ளிப் புத்தகம். குண்டு விழுந்தால் இதையெல்லாம் வெளியே தள்ளிவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போக வேண்டும் என்றாய். உண்மைதான். ஆனால் அப்படி ஓர் அறை பானையும் விளக்கும் வைக்கும் அறையாகவே பழசாகிப் போகட்டும், அதைவிட அதற்கு நல்ல உபயோகம் இருக்க முடியாது.

பயம் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று 2020 பிப்ரவரி 7-ல் பார்த்தேன். கொரோனா எச்சரிக்கையை ஆரஞ்சுக்கு உயர்த்தினார்கள் என்ற செய்தி வந்த ராத்திரி சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, நூடுல்ஸ், கழிப்பறைத் தாள் எல்லாம் காலி. என் முன்னால் ஒரு பெரியவர் தள்ளுவண்டியில் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா வயது இருக்கும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறக்குமதி செய்கிற ஒவ்வொரு அரிசி வியாபாரியும் இத்தனை இருப்பு கிடங்கில் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே விதி இருப்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பசித்த வயிற்றுக்கு விதி ஞாபகம் வராது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோதும் நம் ஆட்கள் கொஞ்சம் பதறினார்கள். அடுத்த மாதமே சிங்கப்பூருக்கு அனுப்புகிறோம் என்று டில்லி சொல்லிவிட்டது. அதற்குள் எத்தனை பேர் எத்தனை தடவை உட்கார்ந்து பேசியிருப்பார்கள்! போர் இல்லாத காலம் என்று நாம் சும்மா சொல்லிவிடுகிற காலத்துக்குள் இத்தனை ஆட்களின் உழைப்பு நடந்துகொண்டே இருக்கிறது. கிடங்கில் மூட்டை எண்ணுகிறவர், தண்ணீர் சுத்திகரிக்கிற ஆள், பேச்சுவார்த்தைக்குப் போகிற அதிகாரி, ராத்திரியில் துப்பாக்கி துடைக்கிற என் பிள்ளை. நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். எனக்குக் கோபம் இல்லை, நீயும் கோபப்படாதே.

இன்னொன்று. உன் தாத்தாவைப் பற்றி நீ என்றோ சொன்னது இந்த வாரம் முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருந்தது. குளுவாங் தோட்டத்தில் இருந்து சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை, பாட்டி கடைசிவரை பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள் என்றாய். 1943 அக்டோபருக்குள் சயாமில் இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளத்தை முடிக்க ஜப்பான்காரன் பல்லாயிரம் தமிழர்களைக் காட்டில் போட்டான். வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பேரும் கல்லறையும் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களில் எத்தனை பேருக்குப் பெயராவது எழுதி வைத்திருக்கிறது? இங்கே தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979-லிருந்து பெரியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. தமிழில் பேசியதும் இருக்கிறது, நான் வீட்டில் இருந்தே கேட்கிறேன். உன் பெரியம்மா ஈப்போவில் இன்னும் தெளிவாகப் பேசுகிறார் என்றாய் அல்லவா? தொண்ணூறு தாண்டிவிட்டது. போனிலாவது பேசி, தாத்தாவின் முழுப் பெயர், தோட்டத்தின் பெயர், யார் வந்து கூட்டிப் போனார்கள், கூடப் போனவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதி அனுப்பு. கதிர் கம்ப்யூட்டரில் தட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

ஜூன் விடுமுறையில் பேரனோடு வருவதாக எழுதியிருந்தாயே, தேதி முடிவானதும் சொல். கதிர் அந்த வாரம் லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றான், கிடைக்குமா என்பது அவன் மேலதிகாரி கையில். அறை தயாராக இருக்கும். போன தடவை மாதிரி பெட்டி நிறையச் சாமான் தூக்கிவராதே, முட்டி தாங்காது. உன் மகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சரோஜா